திறமூலக் குழுவுக்கு நடத்தை நெறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்துரு, சொற்பிழை திருத்தி, மென்பொருள் மொழிபெயர்ப்பு என்று சில திறமூலத் தன்னார்வக் குழுக்களுக்கு, அதாவது தாங்கள் செய்வதை யாரும் பயன்படுத்த, மாற்ற, பகிர விடும் குழுக்களுக்கு, நடத்தை நெறி எழுத உதவியிருக்கிறேன். எங்கே போனாலும் அதே ஐயங்கள், பல நேரம் அதே சொற்களில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இங்கே தொகுத்து வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதில்கள் என்னுடையவை. நான் வழக்கறிஞர் இல்லை.

எங்கள் மென்பொருளுக்கு ஏற்கெனவே ஜிபிஎல் உரிமம் இருக்கிறது. அதற்கு மேல் இது எதற்கு?

உரிமம் நிரலைப் பற்றிப் பேசுகிறது: யார் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று. நடத்தை நெறி அந்த நிரலைச் சேர்ந்து எழுதும் ஆட்களைப் பற்றிப் பேசுகிறது. இங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள மாட்டோம், அப்படி ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது, சொன்னபின் என்ன நடக்கும் என்ற நான்கும் அதில் இருந்தால் அரைப் பக்கமே போதும். கடைசி இரண்டும் இல்லாவிட்டால் பத்துப் பக்கம் எழுதியும் பயனில்லை.

இது புதிய வழக்கமும் இல்லை. லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 2004இல் தொடங்கியபோதே நடத்தை நெறியோடுதான் வந்தது. அங்கே உறுப்பினராக வேண்டுமானால் அதில் கையொப்பமிட வேண்டும். இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 2014இல் பொது வாக்கெடுப்பு நடத்தித் தனக்கென்று ஒன்றை ஏற்றுக்கொண்டது.

நாங்கள் பன்னிரண்டு பேர்தான், எல்லாரும் நண்பர்கள். நண்பர்களுக்குள் விதி போட்டால் ஒருவரையொருவர் சந்தேகப்படுவது போல் ஆகிவிடாதா?

உங்கள் பன்னிரண்டு பேருக்கும் தேவையில்லை என்றே வைத்துக்கொள்வோம். பதின்மூன்றாவதாக வருபவருக்குத் தேவை. உங்களுக்குள் எது கேலி, எது கோபம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

நான் இருந்த ஒரு மொழிபெயர்ப்புக் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரி மாணவி முதன்முறையாக நாற்பது சரங்களை (திரையில் தோன்றும் சிறு சொற்றொடர்களை) மொழிபெயர்த்து அனுப்பினார். கோப்பைச் சேமிக்கும் பொத்தானுக்கு ஓரிடத்தில் ‘காப்பாற்று’ என்று போட்டிருந்தார். மூத்தவர் ஒருவர், “கோப்பு ஆற்றில் விழுந்துவிட்டதா, காப்பாற்றுவதற்கு?” என்று எழுதினார். கீழே ஆறு சிரிப்பு முகங்கள் விழுந்தன. அதில் ஒன்று நான் போட்டது. அந்தப் பெண் பதில் எழுதவில்லை. இரவே, மொழிபெயர்ப்பைச் சேர்த்துக்கொள்ளக் கேட்ட தன் கோரிக்கையைத் தானே மூடிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வெளியீட்டின்போது அந்தத் திரைகளெல்லாம் ஆங்கிலத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் மூடிய கோரிக்கையைத் திறந்து படித்தோம். நாற்பதில் முப்பத்தெட்டு சரியாக இருந்தன.

அந்தக் குழுவில் எல்லாரும் நண்பர்கள்தான்.

நிரல் நன்றாக இருந்தால் போதாதா? எழுதுபவரின் குணத்தை ஏன் பார்க்க வேண்டும்?

குணத்தை யாரும் பார்க்கவில்லை. அது அவரவர் வீட்டு விஷயம். குழுவுக்குள் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் பார்க்கிறோம். நிரல் மட்டும் போதும் என்று நீண்ட காலம் சொல்லிவந்த இடம், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல். அங்கே 2015இல் ஓர் ஆவணம் போட்டார்கள். ‘நடத்தை நெறி’க்கான ஆங்கிலப் பெயரைக் கொஞ்சம் திருகி ‘மோதல் நெறி’ என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார்கள். 2018 செப்டம்பரில், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் மின்னஞ்சல்களின் கடுமைக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அதே சமயத்தில் பழைய ஆவணம் போய் முறையான நடத்தை நெறி வந்தது. கர்னல் அதனால் நின்றுவிடவில்லை.

கணக்காகப் பார்ப்பவர்களுக்கு: மென்பொருள் திட்டங்களை இணையத்தில் வைத்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனம் 2017இல் திறமூலத்தில் ஈடுபடுபவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில், பிறரிடம் நேரடியாக மோசமான அனுபவம் பட்டதாகச் சொன்னவர்கள் 18 சதவீதம். மற்றவர்களுக்கு நடப்பதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் 50 சதவீதம். இப்படிப் பட்டவர்கள், பார்த்தவர்களில் 21 சதவீதம் பேர் அதனாலேயே ஒரு திட்டத்துக்குப் பங்களிப்பதை விட்டுவிட்டார்கள். போனவர்களின் நிரல் நன்றாக இருந்ததா என்று இனிப் பார்க்க முடியாது.

அப்படியானால் தவறைத் தவறு என்று சொல்லவே கூடாதா?

தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். “இந்த நிரல்பகுதி வெற்று உள்ளீடு வந்தால் உடைந்துவிடும், இப்படியே ஏற்க முடியாது” என்பது கறாரான விமர்சனம், அதில் மீறல் எதுவும் இல்லை. “இதுகூடத் தெரியாமல் ஏன் வந்தீர்கள்” என்பதில் நிரலைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. எழுதியதை அனுப்புமுன் படித்துப் பாருங்கள். திருத்துவதற்கு உதவும் ஒரு சொல்லாவது அதில் இருக்கிறதா? ஆற்றில் விழுந்த கோப்பு நகைச்சுவையில் அப்படி ஒரு சொல்லும் இல்லை.

இணையத்தில் தயாராகக் கிடைப்பதை நகலெடுத்துப் போட்டுவிட்டால் போதும்தானே?

நகலெடுப்பதில் தவறில்லை. நானும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன். 2014இல் கோரலைன் அடா எம்கே எழுதிய ‘கான்ட்ரிபியூட்டர் கவனென்ட்’ என்ற மாதிரி நெறி பரவலாகப் பயன்படுவது. அதன் பெயரைப் பங்களிப்பாளர் உடன்படிக்கை எனலாம். சொற்களைப் பலர் பல ஆண்டு உரசிப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் சனிக்கிழமை மாலையில் உட்கார்ந்து புதிதாக எழுதுவதைவிட அது நன்றாகவே இருக்கும்.

ஆனால் அதன் நடுவே சதுர அடைப்புக்குறிக்குள், ‘தொடர்பு கொள்ளும் வழியை இங்கே இடவும்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். நிரப்ப வேண்டிய இடம் அதுதான். நிரப்பாமல் அப்படியே விட்ட களஞ்சியங்களை (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடங்களை) நானே பார்த்திருக்கிறேன். கதவில் ‘அழைப்புமணியை அழுத்தவும்’ என்று எழுதிவைத்துவிட்டு மணியைப் பொருத்தாமல் போனது போல. கோப்பைச் சேர்க்கக் கால் மணி நேரம் போதும். அந்த ஒரு வரியில் யார் பெயரை எழுதுவது என்று முடிவு செய்யத்தான் மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டும்.

சொந்தமாக எழுதியே தீருவேன் என்பவர்களுக்கு, எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் கதை. அவர்கள் 2018இல் புனித பெனடிக்டின் ஆறாம் நூற்றாண்டுத் துறவற விதிகளையே நடத்தை நெறியாகப் போட்டிருந்தார்கள். அது வெளியே தெரிந்து விவாதமானதும் ‘அறநெறி’ என்று பெயர் மாற்றித் தனியே வைத்துக்கொண்டு, நடத்தை நெறியாக, ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் விதிகளை எடுத்துக்கொண்டார்கள். நான் நல்லவனாக வாழ வழிகாட்டும் விதி வேறு. இன்னொருவர் என்மீது புகார் சொல்லப் பயன்படும் விதி வேறு.

தமிழில் வேண்டுமா, ஆங்கிலத்தில் இருந்தால் போதுமா?

குழு எந்த மொழியில் சண்டை போடுகிறதோ அந்த மொழியில் வேண்டும். இரண்டிலும் வைத்தால், கருத்து வேறுபாடு வரும்போது எது இறுதியானது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சாதியைப் பற்றித் தனியாக எழுத வேண்டுமா? கணினித் துறையில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்?

எழுத வேண்டும். மேலே சொன்ன உடன்படிக்கையின் 2021இல் வந்த 2.1 பதிப்பிலேயே, பாகுபாடு கூடாத காரணங்களின் பட்டியலில் சாதி என்ற சொல் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருக்கும் குழுக்கள் முதலில் அதைப் புதுப்பிக்கலாம்.

சொல்லைச் சேர்த்தால் மட்டும் போதாது, ஏனென்றால் நம்மிடையே சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. “சொந்த ஊர் எது?” என்று தொடங்கும். ஊரைச் சொன்னால் “ஊரில் எந்தப் பக்கம்?” என்று வரும். தெருவைச் சொன்னால் “அப்பா என்ன செய்கிறார்?”, “குலதெய்வம் எது?” என்று நீளும். பயிலரங்கின் மதியச் சாப்பாட்டு வரிசையில் சிரித்த முகத்தோடு கேட்கப்படும் கேள்விகள் இவை. கேட்பவர் ‘சும்மா பேச்சுக்குத்தான்’ என்பார். பதில் சொல்ல வேண்டியவருக்கு இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு எங்கே போகிறது என்று தெரிந்துவிடும், கையிலிருக்கும் தட்டோடு அங்கிருந்து நகரவும் முடியாது. இதைப் படித்துவிட்டு ‘ஊர் கேட்பதும் குற்றமா’ என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஊர் கேட்பது குற்றமில்லை. ஒருவர் பேச்சை மாற்றியபிறகும் விடாமல் துளைப்பது மீறல். நெறியில் இதை உதாரணத்தோடு எழுதுங்கள். ‘சாதி, குடும்பப் பின்னணி ஆகியவற்றை நேரடியாகவோ சுற்றிவளைத்தோ விசாரிப்பது’ என்று ஒரு குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தச் ‘சுற்றிவளைத்தோ’வை எடுத்துவிடச் சொல்லிப் பெரும் விவாதம் நடந்தது. எடுக்கவில்லை.

வயதில் சிறியவர்களை ‘நீ’ என்று கூப்பிடுவதும் மீறலா? தம்பி, தங்கை என்று பழகிவிட்டோம்.

மீறல் என்று எழுதி வைக்க வேண்டாம், வழக்கமாக ‘நீங்கள்’ வைத்துக்கொள்ளுங்கள். இருவர் தங்களுக்குள் ‘நீ’ என்று பேசிக்கொண்டால் அது அவர்கள் பாடு. கவனிக்க வேண்டியது ஒருவழிப் பாதையை. ஒருவர் ‘நீ’ என்கிறார், மற்றவர் ‘அண்ணா, நீங்கள்’ என்கிறார் என்றால், அந்த மற்றவர் அண்ணனின் நிரலில் வழு இருப்பதைச் சொல்லத் தயங்குவார். புகார் என்றால் சொல்லவே வேண்டாம்.

புகார்களை யார் வாங்குவது? எங்கள் குழுவின் பொது மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். நான் உதவிய ஒரு குழு அப்படித்தான் கொடுத்தது. முதல் புகார் வந்தது. அந்த அஞ்சல்பெட்டியைத் திறக்கும் உரிமை நான்கு பேருக்கு இருந்தது, அவர்களில் ஒருவர்மீதுதான் புகார். அவரே முதலில் பார்த்து, “தங்கள் கடிதம் கிடைத்தது, கவனிக்கிறோம்” என்று பதிலும் போட்டுவிட்டார். புகார் கொடுத்தவர் அதன்பிறகு அந்தக் குழுவின் பக்கமே வரவில்லை.

மூன்று பேர் போதும். மூவரின் பெயரும் தனித்தனி முகவரியும் நெறியிலேயே இருக்கட்டும். யாரிடம் சொல்வது என்பதைப் புகார் தருபவர் தேர்ந்தெடுப்பார். மூவரும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்களாகவோ ஒரே கல்லூரிப் பழைய நண்பர்களாகவோ இருக்கக்கூடாது. ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. ஆனால் வேறு பெண்ணே இல்லாத குழுவில் இருக்கும் ஒரே பெண்ணின் தலையில் இந்த வேலையைக் கட்டாதீர்கள். குழுவுக்கு வெளியே மதிப்பான ஒருவரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கொருமுறை ஒருவராவது மாற வேண்டும். இது ஆளைத் தின்னும் வேலை.

முதல் புகார் வந்துவிட்டது. கை நடுங்குகிறது. என்ன செய்வது?

முதலில், கிடைத்தது என்று ஒரு நாளுக்குள் பதில் எழுதுங்கள். தீர்ப்பு எதுவும் சொல்லாமல், எந்தத் தேதியில் மீண்டும் எழுதுவீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். பிறகு, யார்மீது புகாரோ அவரும் அவருக்கு நெருங்கியவரும் விலகிக்கொள்ள வேண்டும். அழிந்துபோகக்கூடிய செய்திகளைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். டெலிகிராமில் எழுதியவரே இரு பக்கமும் அழித்துவிட முடியும். புகார் தந்தவரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. “அவர் என் கோரிக்கைகளைப் பார்வையிடாமல் இருந்தால் போதும்” என்பதுகூடப் பதிலாக வரலாம். அதன்பின் மறுதரப்பிடம் பேசுங்கள், பெயரைச் சொல்லலாமா என்று புகார் தந்தவரிடம் கேட்டுவிட்டு.

இருவரையும் ஒரே அழைப்பில் உட்காரவைத்து ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்துப் பழக்கம் நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் சத்தமாகப் பேசுபவர் ஜெயிப்பார்.

தண்டனை என்றால் குழுவிலிருந்து தூக்குவதுதானா?

அது கடைசிப் படி. அந்த உடன்படிக்கையின் 2.1 பதிப்பில் நான்கு படிகள் உண்டு: தனிப்பட்ட முறையில் எடுத்துச்சொல்வது, எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை. மொசில்லா வகுத்த படிநிலையைப் பின்பற்றியது இது. என் அனுபவத்தில் பெரும்பாலானவை முதல் படியிலேயே முடிந்துவிடும். “நீங்கள் எழுதியது இப்படிப் பட்டிருக்கிறது” என்று தனியே சொன்னதும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால் மிரட்டல், பாலியல் தொல்லை போன்றவற்றுக்கு முதல் படியிலிருந்து ஏற வேண்டிய அவசியமில்லை. நேராக நான்காவதுக்குப் போகலாம்.

தற்காலிகத் தடை என்றால் எந்தத் தேதி வரை, எங்கெங்கே என்று எழுதுங்கள். களஞ்சியத்தில் தடை, டெலிகிராமில் இல்லை என்றால் அது தடையே இல்லை.

மீறுபவர் திட்டத்தைத் தொடங்கியவராகவே இருந்தால்? அவர் பெயரில்தான் எல்லாக் கடவுச்சொல்லும் இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பெரிய இடங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. 2017இல், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ் மென்பொருளின் தொழில்நுட்பக் குழுவில், நடத்தைப் புகாருக்கு ஆளான ஓர் உறுப்பினரை நீக்கும் தீர்மானம் தோற்றது. சிலர் விலகினார்கள், சிலர் நிரலைப் பிரித்துக்கொண்டு ‘அயோ’ என்ற பெயரில் தனியே போனார்கள். 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல்மொழித் திட்டத்தில் நடத்தை நெறியைக் கவனிக்கும் நெறியாளர் குழு முழுவதும் ஒரே நாளில் பதவி விலகியது. தலைமைக் குழு யாருக்கும் பதில் சொல்லக் கட்டுப்படாத நிலையில் இருக்கிறது, அதன்மீது விதிகளைச் செயல்படுத்த முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதன்பின் ரஸ்ட் தன் நிர்வாகத்தையே மாற்றியமைத்து, 2023இல் பழைய தலைமைக் குழுவின் இடத்தில் வேறொரு தலைமைப் பேரவையைக் கொண்டுவந்தது.

சிறிய குழுவுக்கு நான் சொல்வது இரண்டு. நெறியை ஏற்கும் நாளிலேயே தொடங்கியவரும் இதற்குக் கட்டுப்பட்டவர் என்று அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். மறுத்தால் இப்போதே தெரிந்துகொண்டீர்கள். அடுத்து, களஞ்சியத்துக்கும் தளப்பெயருக்கும் உரிமையாளராக இன்னும் இருவரைச் சேருங்கள். அவர் பஸ்ஸில் அடிபட்டால் என்ன ஆகும் என்ற பழைய கேள்விக்கும் அதுவே பதில் என்பதால், யார் மனமும் புண்படாமல் கேட்டுவிடலாம்.

திறமூல வரையறையே யாரையும் ஒதுக்கக்கூடாது என்கிறது. ஒருவரைத் தடை செய்தால் அதை மீறியதாகாதா?

ஆகாது. வரையறையின் ஐந்தாவது கூறு உரிமத்தைப் பற்றியது: எந்த நபரையும் குழுவையும் உரிமம் ஒதுக்கக்கூடாது. தடை செய்யப்பட்டவரும் உங்கள் மென்பொருளைப் பதிவிறக்கலாம், மாற்றலாம், விற்கலாம், தனியே பிரித்துக்கொண்டு போய் உங்களைவிடச் சிறப்பாகவும் நடத்தலாம். அவருக்கு இல்லாமல் போவது உங்கள் கூடத்தில் உட்காரும் இடம் மட்டும். முதல் கேள்வியில் நிரல் வேறு, ஆட்கள் வேறு என்று சொன்னது இதற்காகத்தான்.

தன் சொந்த ஃபேஸ்புக் பக்கத்தில் ஒருவர் எழுதியதற்கு நாம் நடவடிக்கை எடுக்கலாமா?

பெரும்பாலும் கூடாது. அரசியல் கருத்து, சினிமாச் சண்டை, கிரிக்கெட், எதுவும் நம் வேலை இல்லை. இரண்டு இடங்களில் மட்டும் நான் தலையிடச் சொல்வேன். ஒன்று, குழுவின் பெயரால் அவர் பேசும்போது. மற்றது, குழுவில் உள்ள ஒருவரையே அங்கே குறிவைக்கும்போது. தனிச்செய்தியில் போய்த் தொல்லை தருவதும் இதில் அடங்கும். உள்ளே ‘நீங்கள்’ என்று எழுதிவிட்டு வெளியே போய் வசைபாடுபவரோடு சேர்ந்து யாராலும் வேலை செய்ய முடியாது. இதற்கு மேல் எல்லையை விரித்தால் நீங்கள் மென்பொருள் எழுத நேரமிருக்காது.

பழிவாங்கப் பொய்ப் புகார் கொடுத்தால்?

நான் உதவிய குழுக்களில் முழுப் பொய் என்று தெரிந்த புகார் ஒன்றுகூட வந்ததில்லை. மிகைப்படுத்தியவை உண்டு. நிரல் நிராகரிக்கப்பட்ட கோபத்தை நடத்தைப் புகாராக எழுதியவையும் உண்டு. அவற்றைப் படித்தாலே தெரிந்துவிடும், தவிரவும் மறுதரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கப் போவதில்லையே. தடைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய ஒரு வழி வையுங்கள், அதை முதலில் முடிவெடுக்காத ஒருவர் பார்க்கட்டும். ‘பொய்ப் புகார் தந்தால் கடும் நடவடிக்கை’ என்று நெறியில் எழுதச் சொல்பவர்களிடம் நான் உடன்படுவதில்லை. அந்த வரியைப் பார்த்து உண்மையான புகார்தான் முதலில் பின்வாங்கும்.

முடிவைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டுமா?

பெயரில்லாமல் அறிவியுங்கள். ‘இந்த ஆண்டு மூன்று புகார்கள், இரண்டில் எச்சரிக்கை, ஒன்றில் ஆறு மாதத் தடை’ என்ற அளவு போதும். ஒன்றும் சொல்லாவிட்டால் வதந்தி அந்த இடத்தை நிரப்பும். எல்லாம் சொன்னால் சிறிய குழுவில் புகார் தந்தவர் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பொதுவெளியில் எல்லார் முன்னும் நடந்த மீறல் என்றால் மட்டும், அங்கேயே ஒருவர் வந்து ‘இது இங்கே ஏற்கத்தக்கதல்ல’ என்று உடனே எழுத வேண்டும். அன்று அந்த ஆறு சிரிப்பு முகங்களுக்குக் கீழே நான் எழுதியிருக்க வேண்டியதும் அதுதான்.

போலீசுக்குப் போக வேண்டிய விஷயமாக இருந்தால்?

உங்கள் குழு நீதிமன்றம் இல்லை. மிரட்டல், பின்தொடர்தல், அந்தரங்கப் படங்களைப் பரப்புதல் எல்லாம் சட்டப்படி குற்றங்கள். புகார் கொடுப்பதா இல்லையா என்பது பாதிக்கப்பட்டவரின் முடிவு, நீங்கள் சான்றுகளைப் பாதுகாத்துத் துணையாக நிற்கலாம். பயிலரங்கு ஒரு கல்லூரியில் நடந்தால் அங்கே உள்ள உள் புகார்க் குழுவையும் அணுகலாம்.

ஒரே விதிவிலக்கு. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ், நடந்தது பாலியல் குற்றம் என்றால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி அறிந்தவர்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘எங்களுக்குள் பேசி முடித்துவிட்டோம்’ என்பதற்கு அங்கே இடமில்லை. பள்ளி மாணவர்கள் வரும் குழுக்கள் இதை மூன்று பொறுப்பாளர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நெறி போட்டு ஓர் ஆண்டாயிற்று. ஒரு புகார்கூட வரவில்லை. வெற்றிதானே?

இருக்கலாம். அல்லது முகவரி வேலை செய்யாமல் இருக்கலாம். வேறொரு கணக்கிலிருந்து அந்த மூன்று முகவரிகளுக்கும் ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பாருங்கள். போன ஆண்டு ஒரு குழுவுக்கு அனுப்பினேன். ஒன்று திரும்பி வந்தது, ஒன்றுக்குப் பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது, மூன்றாவதற்கு இன்னும் காத்திருக்கிறேன்.